பக்கத்தில் புதிதாகத் திறந்த தீம் பப்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்த தமிழர்கள் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த கொஞ்ச நாளில் யாராவது கேட்பார்கள்: "பக்கத்துல புதுசா ஒரு பப் திறந்திருக்காங்க, வர்றீங்களா?" கேட்பவர் வகுப்பில் கூடப் படிப்பவராக இருக்கலாம், ஆபீஸ் மேனேஜராகவும் இருக்கலாம். இப்போது திறக்கிற பப்புகளில் பல வெறும் பப் இல்லை, ஏதாவது ஒரு கருப்பொருளை வைத்து நடத்தும் தீம் பப். ஒன்றில் டார்ட்ஸ், ஒன்றில் மினி கோல்ஃப், இன்னொன்று சிறைச்சாலை போலவோ கப்பல் போலவோ ஜோடித்தது.

உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் ஜாலிதான். அதற்கு முன் செய்ய வேண்டியதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. இங்கேயே வளர்ந்தவர்களுக்கு அதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது. ஐடி, டெபாசிட், பில், சைவம் என்று ஒவ்வொன்றிலும் முட்டி மோதித்தான் நானும் நண்பர்களும் கற்றுக்கொண்டோம். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். குடிக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான். இங்கே பப் என்பது பாதி ஊர்ச்சாவடி. ஆரஞ்சு ஜூஸோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

சொல்வதெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்து வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

1. அது எந்த வகை பப் என்று முதலில் பாருங்கள்

செலவும் நேரமும் இதைப் பொறுத்துத்தான் இருக்கும்.

ஜோடனை மட்டும் உள்ள பப்புக்கு நுழைவுக் கட்டணம் இருக்காது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். விளையாட்டு பப்புகளில் மேசையையோ டார்ட்ஸ் பலகையையோ மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். நாளையும் நேரத்தையும் பொறுத்துத் தலைக்கு 10 முதல் 20 பவுண்டு வரை ஆகும். குடிப்பதும் சாப்பிடுவதும் தனிக் கணக்கு. மூன்றாவது வகை, நடிகர்களை வைத்து ஒரு காட்சி போல நடத்துவது. இதற்கு டிக்கெட் உண்டு, அதுவே 30 பவுண்டைத் தாண்டும். சிலவற்றில் டிக்கெட்டிலேயே மூன்று நான்கு காக்டெயில் சேர்ந்திருக்கும். சிலவற்றில் மது பாட்டிலை நீங்களே கொண்டுவர வேண்டும், அவர்கள் அதைக் கலந்து தருவார்கள். இதைப் படிக்காமல் போனால் மேசையில் தண்ணீர்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி: இணையதளத்தில் 'டேபிள் புக்' செய்யச் சொல்கிறார்களா, 'டிக்கெட்' வாங்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

தேசி பப் என்று இன்னொரு வகை உண்டு. பர்மிங்ஹாம், வெஸ்ட் ப்ராம்விச் பக்கம் பஞ்சாபிகள் நடத்தும் பப்புகளில் பைண்ட் பியரோடு, பலவகை இறைச்சியைச் சுட்டுத் தரும் மிக்ஸ்டு கிரில் தட்டு சூடாக வரும். லண்டன் இஸ்லிங்டனில் 2022 இல் 'தி தமிழ் பிரின்ஸ்' என்றே ஒன்று திறந்தார்கள், அடுத்த வருடம் 'தி தமிழ் கிரவுன்'. தயக்கம் அதிகம் உள்ளவர்கள் இந்த வகையில் தொடங்கலாம். வார இறுதி என்றால் புக் செய்துவிட்டுப் போங்கள்.

2. ஐடி: பாதிப் பேர் திரும்பி வருவது இங்கேதான்

மது வாங்கச் சட்டப்படி வயது 18. ஆனால் பெரும்பாலான பப்புகள் 'சேலஞ்ச் 25' என்ற முறையை வைத்திருக்கின்றன. பார்க்க 25 வயதுக்குள் தெரிந்தால் ஐடி கேட்பார்கள். நம் ஆட்களின் வயதை இவர்களால் சரியாகக் கணிக்க முடிவதில்லை என்பது என் அபிப்பிராயம். 31 வயதுக்காரரிடம் கேட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வயது குறைந்தவருக்கு ஊற்றினால் கவுன்டரில் நிற்பவர் தன் கையிலிருந்து அபராதம் கட்ட நேரும்.

ஐடியில் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: புகைப்படம், பிறந்த தேதி, ஹாலோகிராம் அல்லது புற ஊதா வெளிச்சத்தில் தெரியும் முத்திரை. இந்த மூன்றும் இல்லாததைக் கொண்டுபோய்ப் பயன் இல்லை.

செல்லும்:

- பாஸ்போர்ட், எந்த நாட்டுடையது என்றாலும்.
- பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிம அட்டை. பழகுநருக்கான 'ப்ரொவிஷனல்' அட்டையும் செல்லும்.
- 'பாஸ்' (PASS) என்னும் வயதுச் சான்றுத் திட்டத்தின் ஹாலோகிராம் போட்ட அட்டை, சிட்டிசன்கார்டு போல.

செல்லாது, அல்லது நம்ப முடியாது:

- பல்கலைக்கழக அட்டை. பலவற்றில் பிறந்த தேதியே இருக்காது.
- ஆதார், பான் போன்ற ஊர் அட்டைகள். அசல் எது போலி எது என்று கவுன்டரில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை.
- போனில் எடுத்த பாஸ்போர்ட் படம். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி.
- இ-விசா. அது குடியேற்ற நிலைக்கான பதிவு, வயதுச் சான்று இல்லை. முன்பு பலர் பிஆர்பி என்னும் குடியிருப்பு அனுமதி அட்டையைக் காட்டி நுழைந்தார்கள். அந்த அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31 தேதியோடு காலாவதியாகிவிட்டன. மூத்த மாணவர்கள் "பிஆர்பி போதும்" என்று சொன்னால் அது பழைய கதை.

அப்படியானால் எப்போதும் பாஸ்போர்ட்டா? முதல் சில தடவைக்கு வேறு வழியில்லை. ஆனால் அதைப் பழக்கமாக்காதீர்கள். கூட்டமும் இருட்டும் உள்ள இடத்தில் பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ், தூதரகம் என்று வாரக்கணக்கில் அலைய வேண்டும். புது பாஸ்போர்ட் வந்தபின் அதன் எண்ணை உங்கள் இ-விசா கணக்கிலும் மாற்ற வேண்டும்.

நான் எல்லோருக்கும் சொல்வது ப்ரொவிஷனல் உரிமம்தான். கார் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. பிரிட்டனில் குறைந்தது 185 நாள் வசிக்க அனுமதி இருந்தால் விண்ணப்பிக்கலாம். இதை எழுதும்போது ஆன்லைனில் 34 பவுண்டு, தபாலில் 43 பவுண்டு. டிவிஎல்ஏ என்னும் அரசு அமைப்பின் தளத்திலேயே நேராக விண்ணப்பியுங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்கள் அதே வேலைக்குக் கூடுதல் பணம் கறக்கும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாதவர்களிடம் அடையாள ஆவணத்தைத் தபாலில் அனுப்பச் சொல்வதுண்டு. அதனால் ஊருக்குப் போகும் பயணம் எதுவும் நெருங்காத சமயமாகப் பார்த்து விண்ணப்பியுங்கள். அட்டை கைக்கு வந்தால் பாஸ்போர்ட் வீட்டில் பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று. நீங்கள் குடிக்கப் போவதில்லை என்றாலும் ஐடி எடுத்துப் போங்கள். மாலை ஆனால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் விளையாட்டு பப்புகளில் வாசலிலேயே கேட்பார்கள். குழுவில் ஒருவரிடம் ஐடி இல்லையென்றால் மற்றவர்களுக்கும் மறுத்துவிட அவர்களுக்கு உரிமை உண்டு. கிளம்பும் முன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

3. புக்கிங், டெபாசிட்

புதிய இடம் என்றால் முதல் சில வாரம் கூட்டம் அள்ளும். புக் செய்யும்போது அவசரப்பட்டுக் கார்டு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். இவற்றைப் படித்த பின் கொடுங்கள்:

முதலில், எதற்குப் பணம். டெபாசிட் என்றால் பில்லில் கழிக்க வேண்டும். டிக்கெட் என்றால் போனது போனதுதான். சில இடங்களில் பணம் எடுக்கமாட்டார்கள், ஆனால் வராவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து, எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யலாம். 24 அல்லது 48 மணி நேரம் என்று போட்டிருக்கும். ஆட்கள் எண்ணிக்கை குறைந்தாலும் இதே விதிதான். எட்டுப் பேர் என்று புக் செய்து ஐந்து பேர் போனால் மூவருக்கான பணமும் போகலாம். நம் கூட்டத்தில் கடைசி நேரத்தில் கழன்றுகொள்பவர்கள் எப்போதும் உண்டு. அதனால் புக் செய்பவர் மற்றவர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிவிடுவது நட்புக்கும் நல்லது.

மேசை எவ்வளவு நேரம் உங்களுக்கு என்பதையும் பாருங்கள். ஒன்றரை மணி, இரண்டு மணி என்று கணக்கு வைத்திருப்பார்கள். தாமதமாகப் போனால் அந்த நேரம் உங்கள் கணக்கில்தான் குறையும், கடைசியில் நீட்டித்துத் தரமாட்டார்கள்.

திறப்பதற்கு முன் 'சாஃப்ட் லாஞ்ச்' என்று சில நாள் சோதனை ஓட்டம் நடத்துவார்கள். மின்னஞ்சல் பதிவு செய்தவர்களுக்குச் சாப்பாட்டில் பாதி விலை என்று அழைப்பு வரும். கை இறுக்கமாக இருப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் சமையலறை தடுமாறும், மெனுவில் பாதி இருக்காது. தள்ளுபடி குடிபானத்துக்கும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இருக்காது.

4. எந்த நாள், எந்த நேரம்

வெள்ளி, சனி இரவு முதல் முறை போகாதீர்கள். சத்தத்தில் கவுன்டரில் இருப்பவர் பேசும் ஆங்கிலம் புரியாது, நீங்கள் பேசுவது அவருக்கும் கேட்காது. திங்கள் முதல் வியாழன் வரை, மாலை ஆறு மணிக்கு முன்னால் போவது சுகம். விளையாட்டு வாடகையும் அப்போது குறைவு.

பல பப்புகள் இரவு 11 வரை திறந்திருக்கும், ஞாயிறு சீக்கிரமே மூடும். ஒவ்வொரு இடத்துக்கும் அனுமதி நேரம் வேறு. அந்த அனுமதியின் சுருக்கத்தைச் சுவரில் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். சமையலறை அதற்கு வெகு முன்பே மூடிவிடும், ஒன்பது மணி போல. எட்டரைக்குப் போய் "அப்புறம் சாப்பிடலாம்" என்று உட்கார்ந்தால் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும்.

ஞாயிறு மதியம் பல இடங்களில் வறுத்த இறைச்சி 'ரோஸ்ட்' மட்டும்தான் இருக்கும். சைவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் போன் செய்து கேளுங்கள். பெரியவர் துணையோடு குழந்தைகள் வரச் சட்டம் அனுமதித்தாலும், இரவு எட்டு, ஒன்பதுக்கு மேல் வேண்டாம் என்று பல பப்புகள் விதி வைத்திருக்கின்றன. 18 வயது ஆகாதவருக்கு நீங்கள் மது வாங்கித் தருவது குற்றம். ஒரு விலக்கு உண்டு: 16, 17 வயதுப் பிள்ளைகள் பெரியவரோடு மேசையில் சாப்பாடு சாப்பிடும்போது பெரியவர் வாங்கித் தரும் பியர், ஒயின், சைடர் குடிக்கலாம். அதையும் பப் மறுக்கலாம்.

5. வாசலில்

வார இறுதியில் பாதுகாவலர் நிற்பார். பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள், ஐடியைக் கையில் வைத்திருங்கள். உடை பற்றிப் பெரும்பாலும் கவலை இல்லை. கருப்பொருளுக்கேற்ற வேஷம் போட்டு வரச் சொல்லியிருந்தால் அது விருப்பம்தானா என்று மட்டும் புக்கிங் மின்னஞ்சலில் பாருங்கள்.

6. ஆர்டர்

உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். எழுந்து பார் கவுன்டருக்குப் போய், சொல்லி, காசு கொடுத்து, கோப்பையை நீங்களே தூக்கி வர வேண்டும். தீம் பப்புகள் சிலவற்றில் மேசையில் கியூஆர் கோடு இருக்கும். கவுன்டரில் வரிசை இருப்பதாகவே தெரியாது, ஆனால் இருக்கிறது. உங்களுக்கு முன் வந்து நின்றவர் யார் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கையைத் தட்டுவது, பணத்தை ஆட்டுவது, "ஹலோ பாஸ்" எல்லாம் வேண்டாம். கண்ணைப் பார்த்தால் போதும்.

பல இடங்களில் ரொக்கமே வாங்குவதில்லை, கார்டு வைத்திருங்கள். 'டேப்' திறக்கிறீர்களா என்று கேட்டால், கார்டைப் பதிந்துகொண்டு கடைசியில் மொத்தமாக எடுப்பார்கள் என்று அர்த்தம். முன்கூட்டியே ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். டெபிட் கார்டு என்றால் அந்தப் பணம் திரும்பக் கணக்கில் தெரியச் சில நாள் ஆகலாம். மாதக் கடைசியில் இது வேண்டாத வேலை, அவ்வப்போது கொடுத்துவிடுங்கள்.

அளவுகள்: பியர் ஒரு பைண்ட் 568 மி.லி., அரை பைண்ட்டும் தாராளமாகக் கேட்கலாம். ஒயின் 125, 175, 250 மி.லி. அளவுகளில் வரும். 'லார்ஜ்' என்றால் 250, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. விஸ்கி, ஜின் போன்றவை 25 அல்லது 35 மி.லி. "இன்னும் கொஞ்சம் போட்டால் டபுள்" என்று தூண்டுவார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். விலை, லண்டனில் பைண்ட் 6, 7 பவுண்டு சாதாரணம், வெளியூர்களில் 4 முதல் 5.50. தீம் பப் காக்டெயில் 10 முதல் 15.

குடிக்காதவர்களுக்கு முக்கிய எச்சரிக்கை: சைடர் ஆப்பிள் ஜூஸ் இல்லை. இங்கே அது மது, 4.5 சதவீதமும் அதற்கு மேலும் இருக்கலாம். ஷாண்டி என்பது பியரில் லெமனேட் கலந்தது. லெமனேட் என்றால் நம் எலுமிச்சை ஜூஸ் இல்லை, கேஸ் நிரம்பிய சோடா. ஜிஞ்சர் பியர் பெரும்பாலும் மது இல்லாதது, ஆனால் மது உள்ள வகையும் விற்கிறது, கேட்டு வாங்குங்கள். 'ஆல்கஹால் ஃப்ரீ' பியர் சிலவற்றில் 0.5 சதவீதம் இருக்கும். துளிகூடக் கூடாது என்றால் 0.0 என்று போட்டதைக் கேளுங்கள். சோடாவில் லைம் கார்டியல் என்னும் இனிப்பு எலுமிச்சைச் சாறு ஊற்றித் தருவது எல்லா பப்பிலும் கிடைக்கும், மலிவானது. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும், மது விற்கும் இடங்களுக்கு அது உரிம நிபந்தனை.

'ரவுண்ட்' வழக்கம் பற்றி. ஒருவர் எழுந்து எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை இன்னொருவர். யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் மொய் மாதிரி எல்லோர் மனதிலும் கணக்கு இருக்கும். ஆறு பேர் குழுவில் லண்டன் விலைக்கு ஒரு ரவுண்ட் 40 பவுண்டை நெருங்கும். நாலு ரவுண்ட் வாங்கிக் குடித்துவிட்டு உங்கள் முறை வரும்போது கிளம்பினால் அது பேச்சாகிவிடும். முதலிலேயே "நான் எனக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, முதலில் சொன்னால்.

7. சாப்பாடு: சைவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

மெனுவில் பச்சை 'வி' எழுத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அது 'வெஜிடேரியன்' என்பதைக் குறிக்கும், முட்டை இருக்கலாம். கேட்க வேண்டியவை: உருளைக்கிழங்கு சிப்ஸை மீன் பொரிக்கும் எண்ணெயிலேயே பொரிக்கிறீர்களா? மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறீர்களா? ரோஸ்ட் உருளைக்கிழங்கில் வாத்துக் கொழுப்பு உண்டா? கிரேவி இறைச்சிச் சாறா? 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் எதெதில் இருக்கின்றன என்று சொல்வது அவர்களின் சட்டக் கடமை. மீனும் முட்டையும் பாலும் அந்தப் பட்டியலில் உண்டு, கோழியும் மாடும் இல்லை. அதனால் பட்டியலை மட்டும் நம்பாமல் வாய்விட்டுக் கேளுங்கள். ஹலால் வேண்டுபவர்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும், பெரும்பாலான பப்புகளில் இருக்காது.

பியரிலும் ஒரு சங்கதி. பீப்பாயில் வரும் 'காஸ்க் ஏல்' வகையைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பதுண்டு. கண்டிப்பான சைவர்கள் 'வீகன்' என்று குறித்ததைக் கேளுங்கள். கின்னஸ் இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை.

வாசலில் 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள். புதிதாகத் திறந்த இடத்தில் அது இல்லாவிட்டால் உடனே சந்தேகப்பட வேண்டாம், ஆய்வாளர் இன்னும் வராமல் இருக்கலாம். மேலும் இங்கிலாந்தில் அதை ஒட்டுவது கட்டாயமில்லை. வேல்ஸில் கட்டாயம். உணவுத் தர முகமையின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும்.

8. பில்

மெனுவில் போட்ட விலையில் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும். ஊரில் கடைசியில் ஜிஎஸ்டி ஏறுவது போல இங்கே ஏறாது. ஏறுவது சேவைக் கட்டணம், மேசைக்கு வந்து பரிமாறினால் 12.5 சதவீதம் போல. 'விருப்பம்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்படி இருந்தால் எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2024 அக்டோபர் முதல் இந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நன்றாகக் கவனித்திருந்தால் நான் எடுக்கச் சொல்வதில்லை. பார் கவுன்டரில் நீங்களே வாங்கி வந்தால் டிப்ஸ் தேவையில்லை. கியூஆர் வழியே ஆர்டர் செய்யும்போது டிப்ஸ் முன்பே தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். டெபாசிட் கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். புதிய இடங்களில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

9. வீடு திரும்புவது

மூடும் நேரத்துக்குச் சற்று முன் மணி அடித்துக் கடைசி ஆர்டர் கேட்பார்கள். அதற்குப் பின் கையில் இருப்பதைக் குடித்து முடிக்கக் கொஞ்ச நேரம் தருவார்கள்.

வண்டி எடுத்துப் போகாதீர்கள். இங்கிலாந்தில் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி., ஸ்காட்லாந்தில் 50 மி.கி. தான். 'ஒரு பைண்ட் பரவாயில்லை' என்ற கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். பிடிபட்டுத் தண்டனை ஆனால் குறைந்தது 12 மாதம் உரிமம் போகும். பின்னால் விசா விண்ணப்பங்களில் அந்தத் தண்டனையைச் சொல்ல வேண்டியும் இருக்கும். இரவு அதிகம் குடித்தவர்கள் மறுநாள் காலை வேலைக்கு ஓட்டிப்போகும்போதும் மாட்டுகிறார்கள்.

லண்டனில் வெள்ளி, சனி இரவு விக்டோரியா, ஜூபிலி, சென்ட்ரல், நார்தர்ன், பிக்கடிலி பாதைகளில் ரயில் விடிய விடிய ஓடும். விக்டோரியாவிலும் ஜூபிலியிலும் முழுப் பாதையிலும், மற்ற மூன்றில் சில பகுதிகளில் மட்டும். சின்ன ஊர்களில் கடைசி பஸ் பத்து மணிக்கே போய்விடலாம். கடைசி வண்டி எப்போது என்று புக் செய்யும்போதே பாருங்கள். 11 மணிக்கு எல்லா பப்பும் ஒன்றாக மூடும்போது டாக்ஸி செயலியில் விலை எகிறும். பத்தரைக்குக் கிளம்பினால் அந்தப் பணம் மிச்சம்.